எங்கள் மாடு எந்தக் கட்சி

அந்த வருஷம் கோடையும் தேர்தலும் ஒன்றாக வந்தன. உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகளெல்லாம் அடிமண் வெடித்துக் கிடந்தன. கரையில் மருந்துக்குக்கூட ஒரு பச்சைப் புல் கிடையாது. எங்கள் மாடு நிறைசினையாக இருந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் ஏதோ ஒரு வருஷம். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. என் மூத்த பிள்ளை நடக்கப் பழகிய கோடை என்றால் எங்கள் வீட்டில் புரிந்துகொள்வார்கள்.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். கதவுக்கு நாதாங்கி போட்டேனா என்று படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் திருப்புலிவனம் தாண்டும்வரை கம்பியிலிருந்து கையை எடுக்கமாட்டேன். பிள்ளை தும்மினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி நான் எப்போதாவது வருத்தப்பட்டால் என் வீட்டுக்காரர், "நின்னதே நல்லதாப் போச்சு. இன்னும் படிச்சிருந்தீன்னா இன்னும் நாலு விஷயம் தெரிஞ்சிருக்கும், அதுக்கெல்லாம் சேத்துப் பயந்துகினு இருந்திருப்ப" என்பார். அது சரிதான் என்று எனக்கும் தோன்றும்.

எங்கள் வீடும் என் வீட்டுக்காரருடைய அண்ணன் வீடும் ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே இருந்தன. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு மண்சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். தெருவைப் பார்த்த முன்சுவர் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சுவர். எதிரே பஸ் நிற்கும் இடம், பக்கத்தில் டீக்கடை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்? அதனால் தேர்தல் என்று வந்துவிட்டால் எங்கள் சுவரில் எறும்பு ஊர இடமிருக்காது.

அதற்கு முந்திய தேர்தலில் அண்ணனும் தம்பியும் ஒரே கட்சி. சைக்கிளில் ஒரு பசைவாளி, ஒரு கட்டு நோட்டீசு. அண்ணன் துடைப்பத்தால் பசை தடவுவார், தம்பி காகிதத்தை விரித்து நீவிக் கொடுப்பார். சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு சுவரை விடமாட்டார்கள். ஒரு சுருக்கமில்லாமல், கோணலில்லாமல் ஒட்டியிருந்தால், "அண்ணன் தம்பி வந்துட்டுப் போயிருக்காங்க" என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

பிறகு கட்சி உடைந்தது. மேலே பெரியவர்களுக்குள் என்ன தகராறு என்பது எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. எங்கள் கூரைக்குக் கீழே அது உடைந்த விதம் தெரியும். அண்ணன் புதிதாகப் பிரிந்துபோன பாதியோடு போனார். தம்பி பழைய பாதியிலேயே நின்றார். டீக்கடையில் ஒருநாள் அவர் இவருடைய தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், இவர் அவருடைய தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. வீட்டுக்கு வந்து, "அந்த வூட்டு வாசப்படி மிதிச்சீன்னா இந்த வூட்டுக்கு வராதே" என்றார் இவர் என்னிடம். அந்தப் பக்கம் என் ஓரகத்திக்கும் அதே உத்தரவு போனதாகப் பிற்பாடு தெரிந்தது. முன்சுவரின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் கட்சி, அந்தப் பக்கம் அவர்கள் கட்சி.

மாட்டுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அதனால் வந்ததுதான் எல்லாம்.

அது எங்கள் மாடுதான் என்றாலும் கன்றாக இருந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக் கஞ்சியிலும் வளர்ந்தது. என் ஓரகத்தி சோறு வடித்ததும் வடிகஞ்சியைக் கொண்டுவந்து எங்கள் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். பேச்சு நின்றபோது அதுவும் நின்றது. மாடு கொஞ்ச நாள் அந்த வீட்டு வாசலில் போய் நின்று குரல் கொடுத்துப் பார்த்தது. பிறகு தேர்தல் வந்தது. புதுப் பாதிக்கு ஆபீஸ் கிடையாது, காசு கிடையாது. பசை காய்ச்சுகிற வேலை ஓரகத்தியின் அடுப்புக்கு வந்துவிட்டது. அவள் சிக்கனக்காரி. மைதாவைக் குறைத்துக்கொண்டு வடிகஞ்சியைக் கொட்டிக் காய்ச்சினாள். நல்ல கெட்டிப் பசை. கட்சிப் பையன்கள் அதைத் தடவி அவர்கள் பாதிச் சுவரில் நோட்டீசு ஒட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் மேய்ச்சலுக்குப் போய் வெறும் வயிற்றோடு திரும்பிய எங்கள் மாடு சுவரருகே நின்று மோந்து பார்த்தது. நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது. பிறகு ஓரத்தைக் கடித்து இழுத்து, வேட்பாளரைத் தோள்வரைக்கும் தின்றுவிட்டது.

மறுநாள் காலையில் அண்ணன் தெருவில் நின்று கத்தினார். தம்பியிடம் பேச்சு இல்லை. என்னிடமும் நேராகப் பேசமாட்டார். எங்கள் பக்கம் தம்பி பெண்டாட்டியோடு அண்ணன்மார் முகம் கொடுத்துப் பேசுகிற வழக்கமில்லை, நடுவில் ஓர் ஆள் வேண்டும். அதனால் மாட்டிடமே கேட்டார்.

"ஏ மாடே, யாரு உன்ன அனுப்பினது? கரெக்டா கோட்டத் தாண்டி வந்து எங்க நோட்டீசத் தின்னுறியே, அந்தாண்ட பக்கம் கண்ணு தெரியலியா உனக்கு?"

என் வீட்டுக்காரர் உள்ளே நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமல் வெளியே வந்து அவரும் மாட்டைப் பார்த்துப் பேசினார்.

"ஏ மாடே, சொல்லு. தின்னுறதுக்கு ஆவுற கட்சி அது ஒன்னுதான்னு சொல்லு. எங்க தலைவரு மேல உனக்கு மரியாதை கீதுன்னு சொல்லு."

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் பாதியில் மாடு வாய் வைக்கவில்லை என்பது நிஜம். ஒருமுறை மோந்துவிட்டு மூக்கைச் சிலுப்பிக்கொண்டு வந்துவிட்டது. அதை இவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணன் மறுபடி ஒட்டினார். மாடு மறுபடி தின்றது. கட்டிப்போட்டுப் பார்த்தேன், கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. வைக்கோல்போர் தீர்ந்து அடி தெரிந்துகொண்டிருந்தது. நிறைசினை மாட்டை எத்தனை நேரம் பட்டினியாகக் கட்டிவைப்பது? மேய விட்டால் நேராக அந்தச் சுவருக்குப் போகிறது. கட்டினால் வயிறு ஒட்டுகிறது. நான் இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடிக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு டிரெய்னிங் கொடுத்து அனுப்புகிறோம் என்று அந்தப் பக்கத்துப் பையன்கள் பேசிக்கொண்டார்கள்.

இந்த நிலைமையில்தான் அவர்கள் கட்சி வேட்பாளர் எங்கள் தெருவழியாக வேனில் வரப்போகிறார் என்று தெரிந்தது. அடிபம்பில் நான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கட்சிப் பையன்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைகால் கழுவ வந்தார்கள். நான் முக்காடு போட்டுக் குனிந்திருந்ததால் யார் என்று கவனிக்கவில்லையோ, கவனித்துத்தான் பேசினார்களோ.

"நாளைக்கு மத்தியானம் புது நோட்டீசு ஒட்டுறோம். நாளான்னிக்கி கேண்டேட் வர்றாரு. அண்ணன் வூட்டுச் செவுத்துல தலைவரு மூஞ்சி இல்லன்னா நம்ம கட்சிக்கு இந்த ஊர்ல இன்னா கீதுன்னு கேப்பாரு."

"இந்தத் தடவ அந்தச் சனியன் தின்னட்டும். துத்தம் வாங்கியாந்துட்டேன். பொட்டலத்தோட பசையில கொட்டிடலாம்."

"மொத்தமாவா?"

"மொத்தமாத்தான். ஒரு வாய் தின்னா மறு வாய் தின்னக் கூடாது."

துத்தம் என்றால் மயில்துத்தம். நீலமாகக் கற்கண்டுபோல் இருக்கும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் துளி போடுவார்கள். அதிகமானால் விஷம். எங்கள் அம்மா ஊரில் பயிருக்கு அடிக்க வைத்திருந்த துத்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓர் ஆடு காலை உதைத்துக்கொண்டு செத்ததை நான் பார்த்திருக்கிறேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன், நிற்கவில்லை, மறுபடி இறக்கிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"துத்தந்தானே? எங்க பசையிலயும்தான் கீது. டவுன்ல ஆபீசுலயே கலந்துதான் டின்னுல அடைச்சி அனுப்புறாங்க."

குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அப்ப மாடு தின்னாதது மரியாதைன்னு சொன்னீங்களே?"

"அதுவும்தான்" என்றார்.

"சிரிக்காதீங்க. ஒரு நாளைக்கு உங்க செவுத்தையும் கடிச்சி வெச்சா?"

"நம்மளுது துளியூண்டு. மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"அவங்க மொத்தமாக் கொட்டுறாங்களாம். வடிகஞ்சி வாசனைக்கு மோந்துகூடப் பாக்காது. அது தெரிஞ்ச வாசனை."

"கட்டிப் போடேன்."

"வைக்கோல் எங்க கீது?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "இன்னாதான் செய்யச் சொல்ற? அந்தாண்ட போய் அண்ணங்கிட்ட கையேந்தச் சொல்றியா? செத்தாலும் போவமாட்டேன்."

"சாவப்போறது நீங்க இல்ல, மாடு" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போகிறபோது கொட்டகைப் பக்கம் நின்று மாட்டின் வயிற்றை ஒருதரம் தடவிவிட்டுத்தான் போனார். அவருக்கும் கவலைதான். அதைவிடக் கட்சி பெரிதாக நின்றது. கட்சி என்பதுகூட இல்லை, அண்ணன் முகத்தில் முழிக்கவேண்டுமே என்பதுதான்.

கொல்லைப்புறத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே முள்வேலி. அதன் ஓரம் போய் நின்றேன். ஓரகத்தி விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இன்னாடி, வேலிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? வேவு பாக்க அனுப்பினானா உன் ஊட்டுக்காரன்?"

"அக்கா, மாட்டுக்கு விஷம் வெக்கப் போறாங்கக்கா."

"யாரு சொன்னா உனக்கு?"

சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேலியருகே வந்தாள்.

"மூக்கச் சிந்து. தெருவுக்குக் கேக்கப்போவுது. பொட்டலத்த எங்கிட்டதான் குடுத்து வெச்சிக்கிறாங்க. காலைல பசை காய்ச்சி எறக்கும்போது கொட்டச் சொல்லியிருக்காங்க. நானும் கொஞ்சமாக் கொட்டிட்டு மிச்சத்த மண்ணுல புதைச்சிடலாம்னுதான் இருந்தேன்."

"கொஞ்சமும் வேணாங்கா. அதுக்கு ஒடம்பு தாங்காது, வயித்துல உசுரு கீது."

"வேணாம்னா எப்படிடி? மறுபடி தின்னுபுடுமே. எங்க ஊட்டுக்காரரு ராத்திரி தூங்கறதில்ல, தெரியுமா? புதுசாப் பிரிஞ்ச கட்சி. கொடி புடிக்க நாலு பசங்க, அம்புட்டுத்தான். ஊர்ல ஒருத்தன் மதிக்கிறதில்ல. அந்த நோட்டீசு ஒன்னுதான் அவருக்கு. கேண்டேட் வர்ற அன்னிக்கு செவுரு வெறுஞ்செவுரா நின்னா அவரு மானம் போயிடும். நேத்து ஒக்காந்துகினு, 'நோட்டீசு ஒட்டத் தெரிஞ்சவன் அந்தாண்ட போயிட்டான், இவனுங்க ஒட்டுறது காத்துக்கே நிக்காது'ங்கறாரு. தம்பியத்தான் சொல்றாரு. பேரச் சொல்லமாட்டாரு."

நான் இதையெல்லாம் யோசித்ததே இல்லை. அண்ணன் கத்துவதுதான் எனக்குக் கேட்டிருந்தது. சுவர் நிற்கவேண்டும், மாடும் நிற்கவேண்டும். இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டு நின்றோம். வேப்பெண்ணெய் என்றாள், பசை பிடிக்காது என்றேன். மிளகாய்த்தூள் என்றேன், பையன்கள் கை எரிந்து கத்துவார்கள் என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வண்டிப்பாதை ஓரத்து வயலில் இளம்பயிரைப் போகிற வருகிற மாடு கடிக்காமலிருக்க இவர் சாணியைக் கரைத்துத் தெளித்துவிட்டு வருவார். சாணி வாசனை அடிக்கிற பயிரில் மாடு வாய் வைக்காது. தன் சாணி விழுந்த இடத்துப் புல்லைக்கூட அது ஒதுக்கிவிட்டுத்தான் மேயும்.

"அக்கா, பசையில சாணி கலந்தா?"

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அதிர்ச்சியா என்று தெரியவில்லை.

"அடிப்பாவி. தலைவரு மூஞ்சிக்குப் பின்னால சாணியா? அதுவும் எதிர்க்கட்சிக்காரன் பொண்டாட்டி சொல்லி? வெளிய தெரிஞ்சா கொன்னுடுவாங்கடி."

"பின்னாலதானேக்கா. முன்னால யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் கோடாலியைக் கீழே வைத்தாள். பிறகு, "நல்லா புடிக்கவும் செய்யும்" என்றாள். "செவுத்துக்குப் பூசுறோமே, உரியவா செய்யிது?"

மறுநாள் காலையில் வேலிச்சந்து வழியாக ஒரு சட்டி சாணியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மாட்டுடையதேதான். அவள் பசை ஆறிய பிறகு அதைத் துணியில் வடிகட்டி ஊற்றிக் கலக்கினாள். பொட்டலத்தை அடுப்பங்கரை மாடத்தில் ஒளித்து வைத்துவிட்டாள். எனக்கு அன்று பொழுதே போகவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது உப்புப் போட மறந்தேன். கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும், கலவரமாகிவிடுமா, இவரை அடிப்பார்களா, போலீஸ் வருமா என்று ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பயந்தேன்.

மத்தியானம் பையன்கள் ஒட்ட ஆரம்பித்தார்கள். பசை இலேசாகப் பச்சை கலந்திருந்தது. துத்தம் போட்டதால் அப்படி என்று நினைத்துக்கொண்டார்கள்போல. முதல் நோட்டீசு ஒட்டி முடிந்தது. இரண்டாவதற்குத் தடவும்போது ஒருவன் கையை மூக்கருகே கொண்டுபோனான்.

"டேய், இது இன்னாடா நாத்தம்?"

அடுத்தவன் வாளிக்குள் குனிந்து பார்த்தான். "சாணிடா!"

அவ்வளவுதான். டீக்கடை பெஞ்சு முழுக்க எழுந்து வந்துவிட்டது. "எங்க தலைவரு மூஞ்சில சாணியா?" என்று ஒருவன் கத்தினான். "எந்தக் கட்சிக்காரன் பண்ண வேலைன்னு தெரியாதா? செவுத்துக்கு அந்தாண்ட கீறவன் வேலைதான்!" என்று இன்னொருவன் எங்கள் வாசலைக் கை காட்டினான். இவர் உள்ளேயிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றும் தெரியாதவர், தெரியாததால் கோபம் இரண்டு மடங்கு. நான் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றேன். நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.

ஓரகத்தி வெளியே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளிக்கு முன்னால் நின்றாள்.

"ஏன் கூவுறீங்க? நான்தான் போட்டேன்."

வாளிக்குள் குனிந்த பையன்தான் மெதுவாக, "இன்னாக்கா நீயே இப்படிப் பண்ணிட்டே? தலைவருக்குச் சாணியாக்கா?" என்றான்.

"உங்க அம்மா வாசல்ல இன்னாத்தடா தெளிக்கிறா? அடுப்ப இன்னாத்தால மொழுவுறா? மார்கழி மாசத்துல புள்ளையாரு எதுலடா புடிச்சி வெக்கிறாங்க? புள்ளையாருக்கே ஆவுது. உங்க தலைவருக்கு ஆவாதா?"

"நம்ம கட்சியில புள்ளையாரே கெடையாதேக்கா."

"அப்ப அது சாணி இல்ல, வெறும் பசை. போய் ஒட்டு."

டீக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். பையனுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அவர் வாசற்படியில் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. இறங்கி வந்து முதலில் ஒட்டிய நோட்டீசின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை.

"புடிச்சிக்கினு கீது" என்றார்.

அப்போது மாடு வந்தது. நான்தான் வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டதாகப் பிற்பாடு இவர் என்னைச் சொன்னார். கயிறு பாதி அறுந்திருந்தது என்று நான் சொல்லிவிட்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வயிறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, எப்போதும் போகிற இடத்துக்குப் போயிற்று. நோட்டீசை மோந்தது. மூச்சை ஊதிவிட்டது. திரும்பி டீக்கடைப் பக்கம் வாழைப்பழத் தோல் தேடப் போய்விட்டது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெண்டாட்டியிடம், "யாரு யோசனை இது?" என்று கேட்டார்.

"உன் தம்பி பொண்டாட்டி யோசனை."

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "மாடு எப்ப போடும்னு கேளு" என்றார்.

ஓரகத்தி என்னைப் பார்த்து, "எப்ப போடும்னு கேக்குறாரு" என்றாள், எனக்கு அவர் குரல் கேட்காததுபோல.

"இன்னிக்கோ நாளைக்கோன்னு கீதுன்னு சொல்லுக்கா."

அவர் தலையை ஆட்டினார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி எங்கள் பாதிக்கு வந்து நின்று, எங்கள் நோட்டீசில் வழிந்து காய்ந்திருந்த பசையை விரலால் சுரண்டிப் பார்த்தார். நீலம் பூத்திருந்தது. இவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். இந்த முறை மாடும் இல்லை, நடுவில் ஆளும் இல்லை.

"டேய்" என்றார் அண்ணன். "நிறைசினைடா."

"கொஞ்சந்தான் போட்டிருக்கு" என்று இவர் வாய்க்குள் முனகினார். அண்ணன் அதற்குள் திரும்பிப் போய்விட்டார்.

வெயில் தாழ்ந்ததும் இவர் ஒரு குடம் தண்ணீரும் களைக்கொத்தியும் எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனார். தண்ணீரை விசிறி அடித்து ஊறவைத்துத் தன் கட்சி நோட்டீசுகளைத் தானே சுரண்ட ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னாப்பா, அண்ணனோட போயிட்டியா? எவ்ளோக்குப் பேசின?" என்று ஒருவர் கேட்டார். "நாளைக்கே கொடியும் மாத்திடுவான் பாரு" என்றார் இன்னொருவர். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டிக்கொண்டிருந்தார். தலைவர் முகம் வரும்போது மட்டும் கொத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மெதுவாக உரித்தார். முழுசாக வரவில்லை. கிழிந்ததையெல்லாம் சேர்த்து, நான் கேட்காமலே, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். மாடு மோந்து தோண்டிவிடுமோ என்று நான் அதன்மேல் ஓர் அம்மியைப் புரட்டிப் போட்டேன்.

எங்கள் பாதி வெறுஞ்சுவராக நின்றது. உள்ளே ஒரு கட்டு நோட்டீசு ஒட்டாமல் கிடந்தது. டவுனிலிருந்து எங்கள் கட்சி ஆட்கள் வந்து கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. மாட்டைக் காப்பாற்றப் போய் மனுஷனை மாட்டிவைத்துவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை. அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்து பார்த்தால் அண்ணன் எங்கள் பக்கவாட்டுச் சுவரில் ஏணியைச் சாத்திக்கொண்டு நிற்கிறார். அந்தச் சுவர் கூரையின் முக்கோணம்வரை உயர்ந்து ஏரிப்பாதையைப் பார்த்திருக்கும். அங்கே யாரும் நோட்டீசு ஒட்டியதில்லை, ஏணியில்லாமல் எட்டாது. மாட்டுக்கும் எட்டாது.

இவர் வெளியே வந்து ஏணியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"இன்னா பாக்குற? கட்ட எடுத்தா. வேன் வர்றதுக்குள்ள எனக்கு வேல கீது."

இவர் உள்ளே போய் நோட்டீசுக் கட்டையும் பசை டின்னையும் எடுத்துவந்து ஏறினார். அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். பசை சொட்டி மண்ணில் விழுமே என்று நான் ஓடிப்போய்க் கோணிகளைக் கொண்டுவந்து அடியில் விரித்தேன். ஏணிக்கால் கோணியில் வழுக்குமோ என்று மறுபடி இழுத்தேன்.

"கோணலா கீது. வலது பக்கம் எறக்கு" என்றார் அண்ணன்.

"உன் வேலையப் பாரு."

"என் வேல இப்ப ஏணி. எறக்குடா. இன்னும். ஆங், நீவு. அடியில காத்து நிக்குது பாரு. நல்லா அமுத்து, அந்தாளு மூஞ்சி என் தலமேல உளுந்துடப் போவுது."

"உன் ஆளு மூஞ்சி சாணிமேல நிக்கிதே, அதுக்கு இது தேவல."

"சாணியானாலும் புடிச்சிக்கினு கீதில்ல?"

பையன்கள் இருவர் அந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குக் கட்சியில் என்ன பேச்சு வந்ததோ எனக்குத் தெரியாது. வந்திருக்கும். அன்று மத்தியானம் வேனில் அவருடைய வேட்பாளர் வந்தார், எங்கள் முன்சுவரில் அவருடைய பாதியைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணன் மாலை போட்டார். அதற்குப் பிறகும் அண்ணனும் தம்பியும் டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள், ஓட்டும் எதிரெதிராகத்தான் போட்டிருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது ஏணி நின்ற காலை நேரம். இவர் இறங்கி வந்ததும் நான் மேலே பார்த்தேன். வரிசையாக, சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. எனக்கு அப்போதும் மனது ஆறவில்லை.

"அக்கா" என்றேன். "வெயில்ல காஞ்சி உரிஞ்சி கீழ உளுந்தா? மாடு எடுத்துத் தின்னுட்டா?"

ஓரகத்தி வாய் திறப்பதற்குள் அண்ணன், ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டே, அவளைப் பார்த்துச் சொன்னார்:

"ஓட்டு எண்ணி முடிச்ச அன்னிக்கே நானே ஏறி மொத்தத்தையும் கிழிச்சிடறேன்னு சொல்லு. எனக்கும் ரொம்ப நாளா ஆசைதான்."

இவர் சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்கத் திரும்பிக்கொண்டார்.

மாடு மறுநாள் பொழுது விடியும்போது கன்று போட்டது. கிடாரி. ஓரகத்தி வேலிமுள்ளை ஒதுக்கிக்கொண்டு வெந்நீரோடு வந்துவிட்டாள். தாய் கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. எல்லோரும் கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மாட்டின் தாடையைப் பிடித்து, உள்ளே காகிதம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.